சந்தன நிறப் புடவையும் காசநோய் மாத்திரையும்

என் தம்பிக்குக் காசநோய் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் செய்த முதல் சிகிச்சை, நோயின் பெயரை மாற்றியதுதான். தெருவுக்கு அது தூசி அலர்ஜி.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். உடம்பின் காவல் செல்கள் கிருமியைக் கண்டால் விழுங்கும். பிறகு ஓர் அமிலப் பை வந்து சேர்ந்து அதைக் கரைக்கும். காசநோய்க் கிருமி மட்டும் அந்தப் பையை அண்டவிடாமல் தடுத்து, விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். அதனால்தான் இருமல் நின்றாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

"புடிக்க வந்த போலீஸ்காரன் வூட்லயே தங்கிக்கினு சோறு துன்னுது. கில்லாடிபா அது!" என்றான் தம்பி. நோய் யாருடையது என்பதையே மறந்துவிட்டான்.

மாத்திரைக்குக் காவலாக அவன் மனைவியை நியமித்தோம். காலையில் மாத்திரையும் தண்ணீருமாக, அவன் புடவை நெய்யும் தறிக்குப் போவாள். காலி டம்ளருடன் திரும்புவாள். எனக்குப் பரம திருப்தி.

ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் நர்ஸ் ஒருநாள் தம்பியிடம் கேட்டார்: "சிறுநீர் எப்படிண்ணா போவுது?"

"மொதல்ல ஆரஞ்சாப் போச்சும்மா. இப்பல்லாம் தண்ணி மாதிரி சுத்தமாப் போவுது. நோய் எறங்கிடுச்சு."

"நோய் எறங்கலண்ணா, மாத்திரைதான் எறங்கல. சாப்ட்டா ஆரஞ்சாத்தான் போவும். யாரு சாப்பிடறது, தறியா?"

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். அவள் அரிசி டப்பாவைத் திறந்து ஒரு பிடி மாத்திரையை எடுத்து வைத்தாள்.

"வேர்வை பட்டு இவுரு பனியனெல்லாம் ஆரஞ்சாப் போச்சும்மா. தறியில சந்தனக் கலர் கல்யாணப் புடவை இருக்குது. கறை பட்டா எவ கட்டுவா? அது முடியட்டும்னு வெச்சினு இருந்தேன்."

காவல் செல் கிருமிக்கு எப்படி வீடாகிறது என்று மருத்துவர் எனக்குப் படம் வரைந்து காட்டியிருக்கவே வேண்டாம்.

"கறை பட்டா துவைக்கலாம்மா. விட்டு விட்டு சாப்ட்டு மருந்தே கேக்காமப் போச்சுன்னா?" என்றார் நர்ஸ். 

சளி மறுபடி பரிசோதனைக்குப் போனது. முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் தறிச் சத்தம் இல்லை. பழைய மருந்தே கேட்கும் என்று தகவல் வந்தது. நர்ஸ் எதிரிலேயே தம்பி மாத்திரையை விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டினான். மீதிப் புடவையை அவன் மனைவி நெய்தாள்.

அடுத்துத் தறியில் ஏறிய பாவு நூல் அடர்ந்த அரக்கு நிறம். தம்பியே கேட்டு வாங்கியது.