மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்களாம்!

போன மாதம் தென்காசியில் ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றேன். கூட வந்தவர்கள் என் பக்கத்து வீட்டு முத்தையா அண்ணாச்சியும் அவர் மனைவி பேச்சியம்மாள் மதினியும்.

அண்ணாச்சி போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். மூட்டு வலிக்கு டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினார். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதராயிற்றே! வலி போயிற்று. பின்னாலேயே ரத்த வாந்தி வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். இந்தச் சாரல் சீசனில் சொந்தக்காரர்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட, இவர் ஓரமாக உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

அப்புறம்தான் செய்தி வந்தது... அந்த மாத்திரையில் கோளாறாம், கம்பெனியே திரும்பப் பெறுகிறதாம். என்ன பெருந்தன்மை! சரி, புண்ணாய்ப் போன வயிற்றை யார் திரும்பப் பெறுவது?

கடைக்காரர் தேனாகப் பேசினார். "மிச்ச அட்டையக் குடுங்க அண்ணாச்சி. வேற மாத்திரை தாரேன். கம்பெனி ஆர்டர்."

அண்ணாச்சி அட்டையை நீட்டியே விட்டார். மதினி வெடுக்கென்று பிடுங்கினார்.

"இத்தன வருசம் போலீஸ்ல என்னத்தக் கிழிச்சிய? குத்துனவன்ட்டயே கத்தியத் திருப்பிக் குடுப்பாவளா?"

கடையே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை.

நேரே எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். அட்டையில் இருந்த பேட்ச் நம்பரைப் பார்த்தார். கம்பெனி திரும்பப் பெறும் அதே பேட்ச்!

"இதப் பத்திரமா வைங்க. டாக்டர் சீட்டு, பில்லு, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் வேணும். மருந்து ஆய்வாளர்ட்ட புகார் குடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துல நஷ்டஈடு கேக்கலாம். ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம்."

ஒரு வக்கீலே இப்படிச் சொன்னது குற்றாலத்தில் வெந்நீர் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

"ஆனா, மாத்திரையாலதான் வந்துச்சுன்னு நாமதான் நிரூபிக்கணும். பரோட்டா தின்னாரு, அதான்னு கம்பெனிக்காரங்க சொல்லுவாங்க" என்றார்.

அண்ணாச்சி தயங்கினார். "அடுத்தவனுக்குச் சாட்சி சொல்லப் போயிருக்கேன். இப்ப நானே பிராது குடுத்துட்டு நிக்கவா? நாலு பேரு என்ன நெனப்பான்?"

"அன்னைக்கு ரத்தத்தத் தொடச்சது நாலு பேரா, நானா?" என்றார் மதினி.

அண்ணாச்சி பேனாவை எடுத்தார்.

முதலில் வக்கீலம்மா மூலமாகக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது. போய்ச் சேர்ந்த மறுநாளே கம்பெனியிலிருந்து போன்! செய்தி வந்த நாள் முதல் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்காத அதே கஸ்டமர் கேர். "சார், இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

அண்ணாச்சிக்கு ஏட்டுக் குரல் திரும்பிவிட்டது. "ஆணையத்துக்கு வாங்க. அங்கன வச்சு விவரமாச் சொல்லுதேன்."

இந்தத் திங்கட்கிழமை மனுவும் தாக்கல் ஆகிவிட்டது. ஜெயிப்பாரா... தெரியாது.

ஆனாலும், ரத்த வாந்திக்கு வராத அக்கறை, பதிவுத் தபாலுக்கு எப்படிப் பாய்ந்து வருகிறது பாருங்கள்!