சுருளுக்கு ஒரு பானை

வியாழன், காலை பத்து மணி. மதுரையிலிருந்து ஆக்லாந்து வந்து நான்கு நாளாகியும் நான் பார்த்ததெல்லாம் மழையும் மால்களும்தான். பக்கத்து வீட்டு ரூத்தை ரெமுவேராவுக்குக் கூட்டிப் போவதாகத் தங்கையின் கணவர் ரவி சொன்னதும் நானும் தொற்றிக்கொண்டேன். தங்கை வீடு இருக்கும் பக்குரங்காவிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். ரவி யாழ்ப்பாணத்துக்காரர், ரூத் யூதப் பெண்.

வெல்வெட் உறை போட்ட சிறிய சுருள் ஒன்றைக் கைக்குழந்தைபோல அணைத்தபடி ரூத் வந்தார். அப்பா விட்டுப்போன தோரா, அவர்களுடைய வேதம். தோலில் கையால் எழுதியது. ரவி டிக்கியைத் திறந்தார்.

"இதை மூட்டைபோல ஏற்றக் கூடாது. நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் சட்டம்" என்றார் ரூத்.

வழியெல்லாம் நெரிசல். அவர் கை மாற்றவே இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பதினொரு மணி, ரெமுவேரா. தோராச் சுருள்களைத் திருத்தச் சிட்னியிலிருந்து வந்திருந்த எழுத்தர் சுருளை விரித்து, தோலில் விரல் படாமல் வரிவரியாகப் பார்த்தார். ஓர் எழுத்து உடைந்தால் திருத்தலாம். அதுவரை சபையில் வாசிக்கக் கூடாதாம். இதிலோ மை எங்கும் உதிர்ந்துகொண்டிருந்தது.

"இனி மண்பானைக்குள் வைத்துப் புதைப்பதுதான் முறை" என்றார். புதைக்க அவர் நாளைக் காலை இருப்பார், மதியம் விமானம்.

ரூத் அழுதார். "அப்பாவை இரண்டாம் முறை புதைக்கிறேன். அதற்குள் மண்பானைக்கு எங்கே போவேன்? ஓட்டைப் பூந்தொட்டியிலா வைப்பது?"

ரவி என்னைப் பார்த்தார். "அக்கா, பொங்கல் பானை?"

"அது சின்னது. தண்ணிப் பானை கிடைக்குமா?"

"ஓம், சாண்ட்ரிங்ஹாமில எங்கட ஆக்களின்ர கடை இருக்கு. போய்க் கதைச்சுப் பாப்பம்."

பன்னிரண்டரை மணி. கடை வாசலில் ரூத் தயங்கினார். பானையை அவரே பார்த்து எடுக்க வேண்டும். சுருளைத் தனியே விடவும் மனமில்லை. காரில் இருந்த என்னிடம் நீட்டினார்.

"நானா?"

"யாரும் ஏந்தலாம். சட்டமே அப்படித்தான் சொல்கிறது."

செருப்பைக் கழற்றிக் காருக்கு வெளியே விட்டுவிட்டு வாங்கிக்கொண்டேன். ரவி பானைகளைச் சுண்டிக் காட்டுவதும், விரிசல் இருக்கிறதா என்று ரூத் காதை வைத்துக் கேட்பதும் கண்ணாடி வழியே தெரிந்தது.

வாய் அகன்ற பானை, முப்பத்தெட்டு டாலர். "எதுக்கு எண்டு கடைக்காரர் கேட்டவர். ஒரு பெரியவருக்கு எண்டு சொன்னன்" என்றார் ரவி.

மழையில் நனைந்த என் செருப்பை ரூத் பார்த்தார். "எங்கள் சட்டத்தில் செருப்பைப் பற்றி ஒன்றுமில்லையே."

"எங்க சட்டத்துல இருக்கு" என்றேன்.

அவர் சுருளை வாங்கிக்கொண்டார். "நாளை நீங்களும் வாருங்கள். அப்பாவைத் தெரிந்தவர்கள் இங்கே யாரும் மிச்சமில்லை."

மறுநாள் ரொட்டோருவா வெந்நீர் ஊற்றுகளைப் பார்க்க டிக்கெட் எடுத்திருந்தேன். போகவில்லை.