பரிசோதனைக்கு உட்பட்ட கதவு

இரவு பதினொரு மணிக்குப் பிறகு எங்கள் மாடியில் ஒரு சத்தம் கேட்கும். கதவின் கைபிடியை யாரோ வெளியிலிருந்து மெல்லக் கீழே அமுக்கி, கொஞ்சம் பொறுத்து, விடுகிற சத்தம். முதலில் பன்னிரண்டாம் அறை, பிறகு பதின்மூன்று, பிறகு என்னுடைய பதினான்கு. அது என்ன சத்தம் என்று தெரிந்துகொண்ட அன்றைக்கு, அது என் தொழிலிலிருந்தே பிறந்தது என்பதும் தெரிந்தது.

என் தொழில் மொழிபெயர்ப்பு. வீடில்லாத குடும்பங்களுக்குப் பிரெஞ்சு அரசாங்கம் பழைய விடுதிகளில் அறை எடுத்துக் கொடுக்கிறது. அந்தத் திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க இடைக்கிடை அதிகாரிகளை அனுப்புகிறது. அறைகளில் தமிழர் இருந்தால், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் உள்ள ஒரு சங்கம் என்னையும் அதிகாரியோடு அனுப்பும். உங்களைக் கண்காணிப்பது உங்கள் நன்மைக்குத்தான் என்று சனங்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்வதுதான் இந்தத் தொழில்.

நானும் அப்படியொரு விடுதியில்தான் இருக்கிறேன். கணவர், மூன்று வயது மகள் மீரா, நான். இவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். வேலை முடிய முன்னமே கடைசி ரயில் போய்விடும், விடியத்தான் வருவார். இந்த அறை போனால் எங்களுக்கு அடுத்த இடம் ரயில் நிலையத்து வாங்குப் பலகை. இலக்கச் சீட்டோடு ஏதாவதொரு அரசாங்கக் கந்தோரில் காத்திருந்து, உங்கள் இலக்கம் வந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் எழும்பிப் போனதைக் கண்டவர்களா நீங்கள்? அப்படியானால் மிச்சத்தையும் வாசியுங்கள்.

விருந்தாளி வரும் நாள்

பரிசோதனைக்கு வரும் நாளை அரசாங்கம் ஒரு கிழமைக்கு முன்னரே கடிதம் போட்டு அறிவித்துவிடும். நான் படித்த கொன்வென்டிலும் இப்படித்தான். கல்வி அதிகாரி வருகிறார் என்றால் சிஸ்டர்மார் மரங்களைச் சுற்றி வைத்த கல்லுக்கும் வெள்ளையடிப்பார்கள். உடைந்த வாங்குகளை வண்ணான் வீட்டுப் பக்கம் ஒளித்துவைப்போம். அதிகாரி போனபிறகு அதே வாங்குகளில் உட்கார்ந்துதான் படித்தோம்.

எங்கள் விடுதிப் பெண்களுக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. பன்னிரண்டாம் அறையில் தவமக்கா இருக்கிறார். வன்னியிலிருந்து பதினாறு வயது மகளோடு வந்தவர். கடிதம் வந்தால் முதல் நாளே நிலத்தைத் துடைப்பார். சுவரில் கறுப்பாய்ப் பூஞ்சணம் பிடித்த இடத்தை, ரூ காய் தெருப் பலசரக்குக் கடையில் கொடுத்த பெரிய பிள்ளையார் கலண்டரால் மறைப்பார். அதிகாரி மதாம் மொரெலுக்குக் கேத்திலில் தேத்தண்ணி போட்டு, தட்டில் பிஸ்கட்டும் வைப்பார். நான் கூடப்போன முதல் பரிசோதனையில் மதாம் மொரெல் கலண்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டு "சுவர்: நல்ல நிலை" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார். கலண்டரைத் தூக்கிக் காட்டுவது என் வேலை இல்லை என்று நான் அடுத்த கேள்வியைத் தமிழில் சொன்னேன். படியில் இறங்கும்போது அவர் என்னிடம் சொன்னார்:

"உங்கள் மக்களின் அறைகளைப் பார்த்தால், இந்தத் திட்டத்தில் ஒரு குறையும் இல்லை என்றே தோன்றுகிறது, மதாம்."

பரவாயில்லை

மதாம் மொரெலின் படிவத்தில் கேள்விகள் இரண்டு பக்கத்துக்கு இருக்கும். சுடுதண்ணீர் வருகிறதா? பிள்ளைக்குத் தனிக் கட்டில் இருக்கிறதா? கீழே உள்ள பொது மைக்ரோவேவ் வேலை செய்கிறதா? எல்லாவற்றுக்கும் தவமக்காவிடம் ஒரே பதில்தான்: பரவாயில்லை. இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? "ஸா வா", எல்லாம் சரி, என்றேன். ஒவ்வொரு "ஸா வா"வுக்கும் ஒரு புள்ளடி விழுந்தது. மொழிபெயர்ப்பாளர் சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்று சங்கத்தை நடத்தும் நந்தன் அண்ணை என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். நானும் அதே மாடியில் இருப்பதை மதாம் மொரெலிடம் சொல்லாமல் விட்டதும் அதனால்தான். என் அறை முன்னால் வந்ததும் அவர் தட்டுவார். நான் படிவக் கோப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். கணவரை வெளியே அனுப்பி, மீராவைக் கீழ்மாடி அறையொன்றில் விட்டிருப்பேன். "வெளியே போயுள்ளனர்" என்று எழுதிக்கொண்டு நகர்வார்.

அன்றைக்கு அவர் போனபிறகு தவமக்காவோடு சண்டைக்கே போனேன். மூன்று கிழமையாகச் சுடுதண்ணீர் இல்லை, மைக்ரோவேவ் பழுதாகி எத்தனை மாதம், கேட்க வந்த ஆளிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"லிஸ்ற்றோட வாறவைக்கு நான் ஒருக்காலும் இல்லையெண்டு சொன்னதில்லை, பிள்ளை. வன்னியிலை அப்பிடிச் சொன்ன ஆக்களைப் பேந்து நான் காணேல்லை."

கட்டிலுக்குக் கீழே

அறைகளில் சமைக்கக் கூடாது. கீழே மைக்ரோவேவும் இல்லை. பிறகு எப்படிச் சாப்பிடுவது? எல்லோரிடமும் ஒரு ரைஸ் குக்கர் இருந்தது, பரிசோதனை நாளில் அது கட்டிலுக்குக் கீழே போகும். அடுத்த முறை மதாம் மொரெல் அரை மணி நேரம் முந்தி வந்துவிட்டார். தவமக்கா கொதிக்கக் கொதிக்கக் குக்கரைக் கம்பளியால் சுற்றித் தள்ளிவிட்டார். கேள்வி பாதியில் இருக்கும்போதே கருகிய மணம் வந்தது. மதாம் மொரெல்தான் முழங்காலில் இருந்து அதை இழுத்தெடுத்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை, சுற்றியிருந்த கம்பளியில் நெருப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். எரிந்துபோன ஒரு விடுதிக்குள் தான் போயிருப்பதாக மட்டும் சொன்னார்.

அவருடைய அறிக்கையில் "நிர்வாகத்தை மேம்படுத்தல்" என்றொரு தலைப்பு உண்டு. அதன் கீழே புதிய வரி வந்தது: இரவுக் காவலர் ஒவ்வொரு நாளும் மாடிகளைச் சுற்றிப் பார்க்கவேண்டும், எல்லா அறைகளின் மாற்றுச் சாவியும் அவரிடம் இருக்கவேண்டும். மைக்ரோவேவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்குத்தான் "ஸா வா" என்று நான் சொல்லியாகிவிட்டதே. இந்த ஏற்பாட்டைத் தமிழில் எழுதி ஒவ்வொரு மாடியிலும் ஒட்டும் வேலை எனக்கு வந்தது. "உங்கள் பாதுகாப்பை முன்னிட்டு, இரவு வேளையில் அறைகள் பரிசோதிக்கப்படலாம்." சிஸ்டர் ரூல் போட்டுப் பழக்கிய கையெழுத்தில், கோடு தப்பாமல் எழுதினேன். நந்தன் அண்ணை கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"வடிவான தமிழ், தங்கச்சி. ஒருத்தரும் பிழை பிடிக்கேலாது."

சுற்று

முதலில் சொன்ன சத்தம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இரவுக் காவலர் மாடிக்கு வந்து கைபிடிகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார். பூட்டாத கதவென்றால் திறந்து எட்டிப் பார்ப்பார். பூட்டியிருந்தால் போய்விடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். மீராவுக்குக் காய்ச்சல் வந்த இரவு, அவளை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். சாவி திரும்பியது. கதவு திறந்து நடைபாதை வெளிச்சம் கட்டில்வரை வந்தது. காவலர் கதவு நிலையில் நின்றார். சமையல் மணம் பார்க்கிறவர் போல மூக்கை உறிஞ்சினார். கண் மட்டும் கட்டிலை விட்டு எடுபடவில்லை. "அருள் நிறைந்த மரியே" முழுவதையும் மனதுக்குள் சொல்லி முடித்தேன், அதன் பிறகுதான் கதவைச் சாத்தினார். அடுத்த இரவும் வந்தார்.

கதவு வெளிப்பக்கம் திறப்பது, கட்டிலை இழுத்து முட்டுக் கொடுத்தும் பயனில்லை. கணவரிடம் சொன்னேன். வேலையை விட்டுவிட்டு இரவில் அறையிலேயே இருக்கிறேன் என்றார். வேலை போனால் இவருடைய விசாக் கார்டைப் புதுப்பிக்க முடியாது. வேண்டாம் என்று நானே தடுத்தேன். காலையில் மீராவை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே போய், எதற்காக என் கதவைத் திறந்தீர்கள் என்று காவலரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சுவரில் இருந்த அறிவித்தலை விரலால் காட்டினார்.

"இதை எழுதியது நீங்கள்தானே, மதாம்."

கட்டம் இல்லாத கேள்வி

மூன்றாம் பரிசோதனையில் ஒரு புதிய கேள்வி சேர்ந்திருந்தது: இரவில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா? தவமக்கா மகளைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார், பிறகு பரவாயில்லை என்றார். நான் வாயைத் திறந்தேன். "ஸா வா" வரவில்லை. அவர் பரவாயில்லை என்கிறார், இங்கே ஒன்றும் பரவாயில்லை இல்லை, பதினான்காம் அறையில் இருப்பது நான்தான் என்று பிரெஞ்சில் சொன்னேன். சாவி, வெளிச்சம், காவலர் நின்ற நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த மாடி முழுவதுக்கும் இதுதான் நிலைமை என்றும் சொன்னேன்.

மதாம் மொரெல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கதவுக்குப் பூட்டு உண்டா என்ற கேள்வி இருந்தது. உண்டு. அதன் சாவி வேறு யாரிடம் இருக்கிறது என்பதற்குக் கட்டம் இல்லை. கடைசிப் பக்கத்தில் "குறிப்புகள்" என்ற இடம் எப்போதும் வெறுமையாகவே இருக்கும். அதில் மூன்று வரி எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. தவமக்கா மட்டும் என்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன். அவருடைய முகம் கறுத்தது.

"உன்ரை அறையைச் சொன்னாய், சரி. எங்களையும் ஏன் பிள்ளை சேத்துச் சொன்னனீ?"

பதில்

ஐந்து கிழமைக்குப் பிறகு சங்கத்துக்குக் கடிதம் வந்தது. நந்தன் அண்ணை கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். கடிதத்தின்படி, மதாம் மொரெலின் குறிப்பு விடுதி நிர்வாகத்துக்கு அனுப்பப்பட்டது. இரவுச் சுற்றை அரசாங்கத்தின் சென்ற அறிக்கைப்படியே நடத்துவதாக நிர்வாகம் பதில் எழுதியது. பதில் திருப்தியானது, விடயம் முடிந்தது. மொழிபெயர்ப்பாளர் தரப்புச் சார்ந்தவர் என்பதால் இனி அந்த விடுதிக்கு வேறு ஆளை அனுப்பவும். நான் அழாமல் இருக்கப் பார்த்தேன். நந்தன் அண்ணை கெட்டவர் இல்லை, தண்ணீர் ஊற்றித் தந்தார்.

"நீர் சொன்னது பொய்யெண்டு ஒருத்தரும் எழுதேல்லை, தங்கச்சி. பதிவாகியிருக்கெண்டுதான் எழுதியிருக்கினம்."

நாலு திருகாணி

அந்தக் கடிதத்தின் பிரதி விடுதிக்கும் போயிருந்தது, அதில் அறை இலக்கமும் இருந்திருக்கவேண்டும். அன்றிரவு காலடி பன்னிரண்டிலும் நிற்கவில்லை, பதின்மூன்றிலும் நிற்கவில்லை. நேரே பதினான்குக்கு வந்தது. கைபிடி கீழே போனது. மேலே வரவேயில்லை, அப்படியே அமுங்கி நின்றது. அன்றைக்கு அவர் சாவி போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று, எனக்கே அந்தச் சொல் வந்தது.

காலையில் தவமக்கா என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கதவில் தொங்கிய குளிர் கோட்டை விலக்கிக் காட்டினார். கோட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தாழ்ப்பாள். என் அறிவித்தல் ஒட்டிய கிழமையே வாங்கிப் பொருத்தியிருக்கிறார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் கோட்டால் மூடியிருக்கிறார். என் வாயால் அவருடைய கதவைத் தேடி யாரும் வந்துவிடுவார்களோ என்றுதான் அன்றைக்குப் பயந்தாராம். கையில் இன்னொரு தாழ்ப்பாள் வைத்திருந்தார். என் அறைக்கு வந்து, நாலு திருகாணியையும் தானே முறுக்கினார். மீரா ஒவ்வொரு திருகாணியாக எடுத்துக் கொடுத்தாள்.

"நீ படிச்ச பிள்ளை, எழுதுவிச்சுப் பாத்தனீ. நான் அவ்வளவு படிக்கேல்லை, அதாலை நேரே கடைக்குப் போனன்."

குறை

அடுத்த பரிசோதனைக்கு மதாம் மொரெலோடு வேறொரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். புதுச்சேரிக்காரர். இந்த முறை என் அறையில் நான் இருந்தேன். தாழ்ப்பாளின் மேல் நான் ஒன்றும் தொங்கவிடவில்லை. மறைத்து மறைத்துத்தானே இவ்வளவும் வந்தது. தீப்பிடித்தால் வெளியிலிருந்து திறக்க முடியாது, ஆகவே உள்தாழ்ப்பாள் விதிக்கு மாறானது என்று மதாம் மொரெல் விளக்கினார். அது உண்மைதான். அதற்கும் எனக்குப் பயம் உண்டு. மீரா தூங்கியபிறகு புகை மணம் பிடித்துப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். "அறை 14: அனுமதியின்றிப் பொருத்தப்பட்ட தாழ்ப்பாள். பதினைந்து நாட்களுக்குள் அகற்றப்படவேண்டும்" என்று எழுதினார். புதுச்சேரிக்காரர் அதைத் தமிழில் சொல்லத் தொடங்க, விளங்கியது என்றேன். அவர் அடுத்த அறைக்கு நகர்ந்தபிறகு மதாம் மொரெல் கொஞ்சம் பின்தங்கி, குரலைத் தணித்துச் சொன்னார்:

"அகற்றிவிட்டீர்களா என்று பார்க்க அனுப்புவதற்கு எங்களிடம் ஆள் இல்லை, மதாம்."

எங்கள் விடுதிக் கதவுகளைப் பற்றி அரசாங்கம் இதுவரை கண்டுபிடித்து எழுதிய ஒரே குறை அதுதான், இன்றிரவும் அந்தக் குறையை உள்பக்கமிருந்து இழுத்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதி முடிக்கிறேன்.