மைக்செட் பேசாத நாட்கள்

எங்கள் தெருவில் குஷன் கடை வைத்திருப்பவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள்தான். ஆனால் எங்களுக்கெல்லாம் அவர் மைக்செட். யாரிடமாவது காதோடு காதாக, "உன் சட்டையில பட்டன் திறந்திருக்குப்பா" என்று அவர் ரகசியம் சொன்னால், மாடியில் நிற்பவர் தன் சட்டையைத் தடவிப் பார்ப்பார். அப்படி ஒரு குரல். அந்தக் குரலுக்கு ஓய்வு கொடுத்தும் பழக்கமில்லை.

கார் சீட், பைக் சீட், சோபா, டாக்டர் அறையில் நோயாளி படுக்கும் கட்டில் என்று எது கிழிந்தாலும் அவரிடம்தான் வரும். பழைய தையலைப் பிரித்து, அமுங்கிப்போன ஃபோமைப் பிய்த்தெறிந்து, புதிதாக வெட்டி ஒட்டி, மேலே ரெக்சின் போர்த்தித் தைப்பார். மிஷின் ஓடினால் கடைத் தகரமே அதிரும். நடுநடுவே ஸ்டேப்ளர் டக் டக்கென்று அடிக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய பேச்சு.

இந்த இரைச்சலில்தான் அவருடைய ஒரே மகள் வளர்ந்தாள். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை, வீடு திரும்ப இருட்டிவிடும். அதனால் பள்ளி விட்டதும் பாப்பா நேரே குஷன் கடைக்கு வந்துவிடுவாள். சுவரோரம் கிடக்கும் பழைய கார் சீட்டில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டு மடியில் நோட்டை விரித்தால், இடி விழுந்தாலும் நிமிரமாட்டாள்.

"ஏன்யா, பச்சப்புள்ள இந்தச் சத்தத்துல எப்படிப் படிக்கும்?" என்று யாராவது கேட்டால், மைக்செட் பதில் சொல்வதற்குள் அவளே சொல்வாள்: "எந்தச் சத்தம் அங்கிள்?"

அந்தப் பாப்பாவுக்குத் தூரத்து ஊரில் சிவில் இன்ஜினியரிங் இடம் கிடைத்தது. தெருவே கூடி வழியனுப்பினோம். மைக்செட் அன்று எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்து, கட்டடம் கட்டுவது எப்படி என்று எங்களுக்கே பாடம் நடத்தினார். மறுநாளிலிருந்துதான் மனிதருக்கு விஷயம் உறைத்தது. காலையில் குளியலறைக் கதவைத் தட்டி, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று சண்டை போட ஆளில்லை. இரவு சாப்பாட்டில் மூன்றாவது தட்டைக் கழுவி எடுத்து வந்துவிட்டு, மனைவி அதைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பார். இவரும் பார்க்காத மாதிரி தண்ணீர் குடிப்பார். 'பெத்த மனம் பித்து' என்பார்களே, அந்தப் பித்து இவருக்கு வேலை நேரத்திலும் வரும். தைத்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று மிஷினை நிறுத்திவிட்டு, "இந்நேரம் அவ கேண்டீன்ல இருப்பா" என்பார், யாரையும் பார்க்காமல்.

முதல் அரையாண்டில் அவளுக்குக் கணக்கு கைவிட்டுப் போனது. பள்ளியில் முதல் வரிசையில் இருந்தவள், ஒரு பாடத்தில் தோற்றதை வீட்டில் சொல்லவே பல நாள் ஆயிற்று. ஆண்டுக் கடைசியில் அதையும் சேர்த்து எழுத வேண்டும். தேர்வுக்குப் படிப்பதற்காகக் கல்லூரி விடுமுறை விட்டிருந்த சமயம். ஒரு காலையில் போன் வந்தது.

"அப்பா, நான் வந்துடறேன்ப்பா."

"லீவுக்கா?"

"இல்ல. மொத்தமா. என்னால முடியலப்பா."

மைக்செட் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நீ ஏன் பஸ்ல வரே? அப்பா வேனை எடுத்துட்டு வரேன்" என்றுவிட்டார். சோபா ஏற்றுகிற பழைய வேன் அது. எடுத்துக்கொண்டு நேரே மருந்துக்கடைக்குப் போனார்.

மனைவி மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, கணவரின் முகத்தை ஒரு முறை பார்த்தார். "புள்ள அழுதுட்டு வரேன்னு சொல்லுது. உங்க முகத்துல ஏன் இவ்வளவு வெளிச்சம்?"

"இல்லம்மா, அவளுக்குக் கஷ்டமா இருக்காம்..."

"போய்ப் பாருங்க. கூட்டிட்டு வரதா, விட்டுட்டு வரதான்னு அவ சொல்லட்டும். உங்க ஆசையை அவ வாயில போட்டுப் பேசாதீங்க. அவ்வளவுதான்."

வழியெல்லாம் பாடிக்கொண்டே போனதாக அவரே பின்னால் சொன்னார். பக்கத்திலேயே ஏதாவது ஒரு கல்லூரி, சாயங்காலம் கடைக்கு வந்துவிடுவாள், ராத்திரி மூன்று தட்டு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

விடுதி வாசலில் பாப்பா மெத்தையைச் சுருட்டிக் கட்டி, பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. மைக்செட் சாமான்களை வேனில் ஏற்றினார். கயிறு போட்டுக் கட்டினார். "முதல்ல சாப்பிடு. மத்ததெல்லாம் அப்புறம்" என்று பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார்.

சந்தை மாதிரி இருந்தது அந்தக் கடை. பாத்திரங்கள் மோதும் சத்தம், ரேடியோ, வெளியே பஸ்காரர்களின் கூச்சல். ரொட்டியும் ஆம்லெட்டும் வந்தன. அவள் சாப்பிடச் சாப்பிட இவர் தெருக்கதை முழுவதையும் அவிழ்த்துவிட்டார். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் சொந்த வண்டியில் காற்றில்லாமல் பாதி வழியில் நின்றதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் பார்த்தால், அவள் கைகழுவிவிட்டுப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து விரித்திருந்தாள். பழக்கதோஷம். விரல் ஒரு சமன்பாட்டின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. உதடு முணுமுணுத்தது.

மைக்செட் பேச்சை நிறுத்தினார்.

அவள் நிமிர்ந்தாள். "ஏன்ப்பா நிறுத்திட்டீங்க?"

"நீ படிக்கறியேன்னு..."

அவள் குனிந்து புத்தகத்தைப் பார்த்தாள். "ஆமால்ல" என்றாள், தனக்கே ஆச்சரியம் போல. பிறகு கண் கலங்கியது. "ரூம்ல எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்கப்பா. மாடி முழுக்க நான் மட்டும்தான். அவ்வளவு அமைதி. புத்தகத்தைத் திறந்தா என் நெஞ்சு அடிக்கறதுதான் கேக்குது. அதையே கேட்டுட்டு உக்காந்திருக்கேன். நேத்து முழுக்க ஒரு பக்கம்கூடப் போகல."

அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மகள் வீட்டுக்கு வந்திருப்பாள். மைக்செட்டுக்கு அது நன்றாகவே தெரிந்தது. வெளியே வேன் நின்றது. சாமான் ஏற்றிக் கயிறும் கட்டியாகிவிட்டது. அவர் தேநீர் டம்ளரை மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்றைக்கும் இல்லாத திருநாளாக, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தார்.

"பாப்பா, நம்ம கடைச் சத்தம் கேட்டா உனக்குப் படிப்பு ஓடுமா?"

அவளுக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. "கடையைத் தூக்கிட்டு வரப்போறீங்களா?"

"கடை எங்கம்மா வரும்? போனைப் போட்டு மிஷின் பக்கத்துல வச்சுட்டா சத்தம் வரும்ல."

பரிமாறுகிறவர் வந்து மேசையைத் துடைத்துவிட்டுப் போனார். கடைசியில் அவளே எழுந்து, "பெட்டியை இறக்கிடலாம்ப்பா" என்றாள். "ஆனா நீங்க பேசக்கூடாது."

"நானா?"

"நீங்க பேசினா எனக்கும் பேசத் தோணும். பேசினா வீட்டுக்கு வந்துடணும்னு தோணும்."

மைக்செட் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும்போது வேன் காலியாக இருந்தது. கட்டியிருந்த கயிறு பின்னால் இங்குமங்கும் உருண்டது. நடுவழியில் எங்கோ வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். "கண்ணுல தூசி" என்றார் எங்களிடம். வீட்டு வாசலில் வேன் வந்து நின்றபோது கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருந்தது என்று மனைவி பிறகு சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து எங்கள் தெருவில் ஓர் அதிசயம் நடந்தது. காலையில் கடை திறந்ததும் மகளுக்குப் போன் போட்டு, நூல்கண்டுகளுக்கு நடுவே அதை நிமிர்த்தி வைப்பார். மிஷின் ஓடும். ஸ்டேப்ளர் அடிக்கும். மனிதர் மட்டும் வாய் திறக்கமாட்டார்.

முதலில் வந்து மாட்டியவர் பஞ்சர் கடைக்காரர். "என்னண்ணே, உடம்பு சரியில்லையா? வீட்ல சண்டையா? என்மேல எதுவும் கோவமா?" மைக்செட் உதட்டில் விரலை வைத்து, போனைக் காட்டி, புத்தகம் புரட்டுவதுபோல் கையால் சாடை செய்தார். பஞ்சர் கடைக்காரர் பயந்துபோய் வெளியே வந்து, "அண்ணனுக்கு ஏதோ ஆயிடுச்சு" என்று தெருவையே கூட்டிவிட்டார். மருந்துக்கடையிலிருந்து மனைவி வந்து விளக்கம் சொன்ன பிறகுதான் எல்லோரும் கலைந்தோம்.

அதன்பின் அந்தக் கடைக்கு வருகிறவர்களெல்லாம் வாசலிலேயே குரலை இறக்கக் கற்றுக்கொண்டார்கள். "நான் கேட்ட கலர் இதில்லை" என்று ஒரு கார்க்காரர் சண்டைக்கு வந்தார். முழுச் சண்டையும் கிசுகிசுப்பாகவே நடந்தது. கிசுகிசுத்துக்கொண்டு எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்? கடைசியில் அவர், "பொண்ணு என்ன படிக்குது?" என்று காற்றுக் குரலில் கேட்டுவிட்டு, கிடைத்த கலரில் சீட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மைக்செட்டுக்கு அந்தப் போனிலிருந்து வருவதெல்லாம் பழகிவிட்டது. தாள் புரள்வது. நாற்காலி நகர்வது. பேனாவை அவள் மேசையில் தட்டினால் கணக்கு வரவில்லை என்று அர்த்தம். தட்டுவது நின்றால் வந்துவிட்டது. வாயைத் திறந்து பேசிய காலத்தில் மகளைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டதில்லை என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் மத்தியானம், பேனாச் சத்தம் நின்று விசும்பல் கேட்டது. மைக்செட்டின் கை போனை நோக்கி நீண்டது. வாய்வரை வந்துவிட்டது, 'வந்துடு பாப்பா' என்று. அவள் சொன்னதை நினைத்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார். கீழே கிடந்த ஒரு துண்டு ரெக்சினை எடுத்து மிஷினில் கொடுத்தார். தைத்தார். திருப்பிப் போட்டு மறுபடி தைத்தார். தைத்ததன் மேலேயே தைத்தார். எதற்கும் உதவாத அந்தத் துண்டு முழுக்கத் தையலாகி விறைத்துப்போகும்வரை மிஷினை நிறுத்தவில்லை. பஞ்சர் கடைக்காரர் வாசலில் நின்று பார்த்தவர், அவர் முகத்தைக் கண்டு உள்ளே வராமலே திரும்பிவிட்டார்.

விசும்பல் தேய்ந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, தாள் புரண்டது.

தேர்வுகள் வந்தன, போயின. கடைசித் தேர்வு முடிந்த அன்று அவளே அழைத்தாள். சுற்றிலும் பெண்களின் கூச்சல். "அப்பா! கணக்கு நல்லா எழுதியிருக்கேன்! இப்ப நீங்க பேசலாம்! இருங்க, கூப்பிடறாங்க, அப்புறம் பேசறேன்!" அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அணைந்துவிட்டது.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும், கை தானாகப் போனை எடுத்துவிட்டது. யாரைக் கூப்பிடுவது? அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். நன்றாகத் தூங்கட்டும். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அன்று அவர் பேசினார், உரக்கவே பேசினார். நாங்களும் பழையபடி சிரித்தோம். ஆனால் நடுவில் நிறுத்தி எதையோ உற்றுக் கேட்பதுபோல் தலையைச் சாய்ப்பார். கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

விடுமுறைக்கு அவள் வந்தாள். பாதி நாட்கள் தூங்கினாள், மீதி நாட்கள் அம்மாவோடு கடை கடையாக அலைந்தாள். எல்லாப் பாடமும் தேறிவிட்டதாக முடிவு வந்தபோது மைக்செட் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் குழந்தை விழித்து அழுதது. ஒரு சாயங்காலம் கடைக்கும் வந்து உட்கார்ந்தாள். அவர் பேசிக்கொண்டே தைத்தார். அவள் "ம்... ம்..." என்று கேட்டபடி போனில் தோழிகளுக்கு ஏதோ எழுதிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே அவர் தையலைக் கோணலாக்கிவிட்டுப் பிரித்தார்.

விடுமுறை முடியும் முன்பே கிளம்பினாள். பேராசிரியர் ஒருவர் நில அளவை வேலைக்கு மாணவர்களைச் சேர்த்திருந்தார், இவளையும் எடுத்திருந்தார். "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்" என்று மைக்செட் ஒரே ஒரு முறை சொன்னார். "விட்டா வேற ஆளைச் சேத்துக்குவாங்கப்பா" என்றாள். அவள் அதைச் சொன்ன வேகத்தில், அவளுக்கு அங்கே போக ஆசையாக இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

வழியனுப்ப அப்பா, அம்மா இருவரும் பஸ் நிலையத்துக்குப் போனார்கள். ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டது. அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அப்பா சீட்டை அழுத்திப் பார்த்து, "ஃபோம் நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றார். அவள் சிரித்து, அவர் கையை ஒருகணம் பிடித்து அழுத்தினாள். பஸ் வளைவில் திரும்பும்போது கையசைத்தாள். அதன்பிறகு பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் ஏதோ பேசத் தொடங்கிவிட்டது பின்கண்ணாடி வழியே தெரிந்தது.

பஸ் போன பிறகும் இருவரும் அங்கேயே நின்றார்கள். அடுத்த பஸ் அந்த இடத்துக்கு வந்து ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தார்கள்.

"வீட்டுக்குப் போலாமா?" என்றார் மனைவி.

"போய்?"

எதிரே ஜூஸ் கடை இருந்தது. கல்யாணமான புதிதில் இப்படி எங்காவது உட்கார்ந்ததுதான். இரண்டு டம்ளர் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

"பெரிய ரோடு வழியா நடந்து போலாமா?" என்று கேட்டார் மைக்செட்.

"புதுச் செருப்பு கடிக்குது" என்றார் மனைவி. சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.