மூன்றாம் பெட்டியின் பூஜ்ஜியம்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்தே அதன் சூட்டைக் கால் டிகிரி பிசகாமல் சொல்லிவிடுவேன். அந்த ஒரு வித்தையை வைத்துத்தான் குஞ்சு பொரிக்கும் பெட்டிகள் நான்கு வாங்கினேன். பெட்டிக்கு நாலாயிரம் முட்டை. என்னைப் பற்றி எழுத நூறு பக்கம் போதாது. இது என் மருமகளைப் பற்றியது.

அவள் ஓரிடத்தில் நிற்க மாட்டாள். நடந்துகொண்டே சாப்பிடுவாள். ஹீட்டரைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்படி நிரல் எழுதியவள் அவள்தான். கம்ப்யூட்டருக்குள் பெட்டிக்கென்று ஒரு அச்சு எழுதி, அதிலிருந்து நான்கு பெட்டிக்கும் நான்கு நகல் வார்த்தாளாம். ஒவ்வொன்றுக்குள்ளும் ‘வெப்பம்’ என்று பெயரிட்ட தனி இடம். சென்சார் அளப்பது அதில் போய் விழும்.

பதினாறாம் நாள் காலை கரண்ட் போனது. கையாலேயே தட்டுகளைத் திருப்பினேன். கரண்ட் வந்த பிறகும் மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு கதவாகத் தொட்டுக்கொண்டே போனேன். மூன்றாவது சுட்டது. திரையிலோ பூஜ்ஜியம்.

“ஏம்மா, உள்ள அடுப்பு மாதிரி கொதிக்குது, உன் கம்ப்யூட்டர் பனி பெய்யுதுங்குது!”

ஓடி வந்து ஹீட்டரை அணைத்துக் கதவைத் திறந்தாள். சென்சார் ஒயர் கழன்று தொங்கியது. தட்டைத் திருப்பும்போது நான்தான் இடித்திருப்பேன். அதை இப்போது பேசுவானேன்.

“ஒயர் கழண்டா பூஜ்ஜியம் எங்கேருந்து வந்துச்சு?”

“என் தப்பு மாமா. அந்த இடத்துக்குப் பேர் மட்டும் வச்சேன், முதல் மதிப்பு கொடுக்கல. கரண்ட் போய் வந்து புதுசா ஆரம்பிக்கறப்ப, நாம கொடுக்கலன்னா அதுவே பூஜ்ஜியம் போட்டுக்கும். குளிருதுன்னு நினைச்சு ஹீட்டரை முழுசா விட்டிருச்சு.”

“இவ்வளவுதானா? முப்பத்தேழரைன்னு போடு. நாப்பது வருஷமா நான் வைக்கிற சூடு.”

“அப்புறம் உள்ள குஞ்சு வெறைச்சுச் செத்தாலும் எல்லாம் சரின்னே காட்டும். அளக்காததுக்கு நம்பரே வேணாம் மாமா.”

என் எண்ணை வேண்டாம் என்றவர் அந்தக் கூரைக்குக் கீழே அதுவரை இல்லை. சுருக்கென்றது.

நான் முட்டைகளை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தேன். சிலவற்றில் அசைவே இல்லை. அதற்குள் அவள் ஒயரைச் சொருகி, முதல் மதிப்பை ‘இன்னும் தெரியாது’ என்று மாற்றியிருந்தாள். அது தெரியும்வரை ஹீட்டர் எரியாது, மணி அடிக்கும்.

“இப்ப ஒயரைப் பிடுங்கிட்டு, மெயினை அணைச்சு மறுபடி போடுங்க.”

“உள்ள உசிரு இருக்கும்மா!”

“அதனாலதான் சொல்றேன்.”

ஒயரைப் பிடுங்கி, மெயினை அணைத்து மறுபடி போட்டேன். மணி அலறியது, ஹீட்டர் எரியவில்லை. ஒயரைச் சொருகியதும் சரியான சூடு வந்தது.

ஐந்து நாள் இரண்டு பேரும் குட்டி போட்ட பூனை மாதிரி அந்தப் பெட்டியையே சுற்றினோம். கடைசியில் மூவாயிரம் குஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறியது.

“வழக்கத்துக்குக் குறையுதே, பெரியவரே?” என்றார் குஞ்சு வாங்க வந்த பண்ணைக்காரர்.

“மொத்தமும் போயிருக்கணும்யா. தப்பிச்சதைப் பாரு.”

“தப்பு என்னோடதுங்க. அந்த முதல் மதிப்பு...” என்று மருமகள் அவருக்கு விளக்கத் தொடங்கினாள்.

“வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?” என்று குஞ்சுக்கூடையை அவள் கையில் திணித்தேன்.