சாவி யார் பையில்

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. இயந்திரத்துக்குள் இறங்கிப் பழுது பார்ப்பவன், மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு பெரியவர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

என் மகள் லண்டனில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள்.

"நைனா, லண்டன்ல எங்கள வெச்சிக்கினு இருந்தா செலவு ஜாஸ்தியாம். டீமையே அல்பேனியாவுக்கு மாத்துறாங்க. அங்க வாடகை, சாப்பாடு எல்லாம் கம்மி."

அந்த வேலை மெட்ராசுக்கு வந்தால் அவளும் வந்துவிடுவாள் என்று நினைத்திருந்தேன். கேட்க வாய் வரவில்லை. என் மனைவி கேட்டாள்.

"வேலைய மெட்ராஸ் கம்பெனிக்கு குடுத்துட்டா மிச்சந்தானே?"

"வேற ஆளுக்கு குடுக்க இஷ்டமில்லயாம்மா. வேல தெரிஞ்ச நாங்களும் வேணும், செலவும் கொறையணும்."

"வாடகை கொறையணும்னா ஆரம்பாக்கத்துக்கு வரச் சொல்லு. நம்ம ஊட்ல வாடகையே கெடையாது."

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்தாவதோடு நின்றவன் நான். அந்த நாடு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

அங்கே போய்ப் பத்து நாள் கழித்து, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "பாஸ்போர்ட்ட கம்பெனி வெச்ச ஏஜென்ட் வாங்கி வெச்சிக்கினான் நைனா. இங்க தங்குறதுக்கு கவர்மெண்ட் குடுக்குற கார்டு வர்ற வரைக்கும் அவன்கிட்டதான் இருக்குமாம்."

"திருப்பிக் கேளு" என்றேன்.

"எல்லாரும் குடுத்துட்டாங்க. நான் மட்டும் கேட்டா இன்னா நெனைப்பாங்க?"

அது அப்படியே என் பேச்சு. என் கூச்சம் அவளிடம் போய் உட்கார்ந்திருந்தது.

என் இடது கை நடுவிரல் பாதிதான் உண்டு. மெஷின் கோளாறு என்றே வீட்டில் சொல்லியிருந்தேன். அன்றுதான் உண்மையைச் சொன்னேன். "கோளாறு ஒண்ணும் இல்லமா. சூப்பர்வைசர், 'சாவிய குடு, நான் பாத்துக்கிறேன்'னாரு. முடியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சு. குடுத்துட்டு உள்ள இறங்குனேன். அவரு டீ குடிக்கப் போயிட்டாரு. வேற ஒருத்தன் அந்தச் சாவிய எடுத்து மெஷின ஓட்டிட்டான்."

பக்கத்தில் இருந்த என் மனைவி, "இத்தினி வருசமா பொய்யா சொல்லிக்கினு இருந்த?" என்று மட்டும் கேட்டாள்.

"நாளைக்குப் போய் கேக்குறேன் நைனா" என்றாள் மகள்.

மறுநாள் அவள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் வேலையில் மூன்று தடவை கைதவறிச் சாமானைக் கீழே போட்டேன். அங்கே என்ன நடந்தாலும் யாரிடம் போய்க் கேட்பது, எந்த மொழியில் கேட்பது?

சாயங்காலம் வேலை முடியும் மணி அடித்தபோது போட்டோ வந்தது. ஏஜென்டின் ஆபீஸ். அவள் கையில் நீலப் பாஸ்போர்ட். "ரெண்டு நாள் உக்காந்து வாங்கிட்டேன்" என்று எழுதியிருந்தாள்.

வீட்டில் காட்டினேன். என் மனைவி மகளின் முகத்தையே பார்த்தாள். எனக்குக் கண் வேறிடத்தில் நின்றது. அவளுக்குப் பின்னால் மேசையில், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஒரு கட்டு. அத்தனையும் பாஸ்போர்ட்.