நாணல் கன்னியின் சுண்டுவிரல்

பாப்பரசர் ஆண்ட ரோமாபுரியில் முப்பது வருடம் பளிங்குச் சிலைகளுக்கு மெருகு போட்டவர் எவரிஸ்தோ. தன் கையில் எந்தத் தேவதைக்கும் ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை என்று ஒயின் கடைதோறும் சொல்வார். கேட்டவர்கள் ஒயின் வாங்கித் தந்ததால் அதை உண்மை என்றே கொள்ளவேண்டும்.

அந்தக் கோடையில், பான் தேவன் துரத்த நாணலாக மாறும் கன்னியை, எவரிஸ்தோ வேலை பார்த்த பட்டறையின் லொத்தாரியோ மேஸ்திரி செதுக்கி முடித்திருந்தார். விரல்கள் ஒடியாதிருக்க நடுவே பளிங்கைப் பாலம்போல விட்டுவைப்பார்கள். சிலை பீடம் ஏறிய பிறகே மேஸ்திரி அதை அறுப்பார். பாலத்துக்கு அடியில் மெருகு ஏறவில்லையே என்று எவரிஸ்தோவுக்கு உறுத்தல். எல்லாரும் சாப்பிடப் போன வேளையில் ஒன்றே ஒன்றை அறுத்தார். சுண்டுவிரல் கையோடு வந்து, விழுந்து, தூளானது.

மெழுகில் பளிங்குத்தூளைக் குழைத்து அசல் போலவே விரல் ஒன்று செய்து ஒட்டினார். அதுவும் பளபளத்தது.

கர்தினாலின் தோட்டத்தில் சிலையை இறக்கியதும் மேஸ்திரி கேட்டார்: "பாலம் எங்கய்யா?"

"வண்டி குலுக்கல்ல போயிருக்கும், மேஸ்திரி," என்றார் எவரிஸ்தோ.

"மாதா மேல சத்தியமா என் மாடு தும்மக்கூட இல்ல!" என்றார் வண்டிக்காரர் திபூர்ஸியோ. யாரும் நம்பவில்லை. இனிப் பட்டறைப் பக்கமே வரக்கூடாதென்று மேஸ்திரி வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டார்.

உச்சிவெயிலில் கர்தினால் விருந்தினரோடு வந்து திரையை விலக்கினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் மெல்ல வளைந்தது.

"அடடா, கண்ணு முன்னாடியே நாணலா மாறுறாளே! யார் கைவேலை இது?" என்றார் கர்தினால்.

மேஸ்திரி விரலருகே குனிந்தார். தோட்ட வாசலில் மாடு பூட்டிக்கொண்டிருந்த திபூர்ஸியோதான் குரல் கொடுத்தார்: "என் வண்டி வேலைதான் ஆண்டவரே! பாலத்த உடைச்சது அதுதானாம், விரலையும் அதுவே செஞ்சிருக்கும்!"

விருந்தினர் சிரித்தார்கள். எவரிஸ்தோவுக்குக் காதுவரை சுட்டது. முழங்காலில் விழுந்தார்.

"நான்தான் ஆண்டவரே. பாலத்த அறுத்ததும் நான், விரல ஒடிச்சதும் நான். பாவம், அந்த மனுசன் மேல பழியப் போட்டுட்டேன்."

விரல் சொத்தென்று கர்தினாலின் செருப்பில் விழுந்தது.

"அப்ப இது மெழுகா?" என்றார் கர்தினால்.

"நல்ல மெழுகு, ஆண்டவரே," என்றார் தலை தூக்காமல்.

மேஸ்திரி அவரை விரட்டவில்லை. திபூர்ஸியோவை மறுபடி வேலைக்கு அழைத்தார்; எவரிஸ்தோவுக்கு முகம் பார்க்காமலே வேலை ஏவினார். அதற்குப் பிறகு ஒயின் கடைகளில் கதை சொன்னது திபூர்ஸியோ. ஒயின் வாங்கித் தந்தது எவரிஸ்தோ.